கல்லூரியில் மாற்றுத்திறனாளிகள் குறித்த பயிற்சி: டிசம்பர் 3 விழாவோடு முடிந்துவிடாமல் எப்படி நடத்துவது?

வேப்பமரத்தடி:

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஜூனில் முதல்வர் கூப்பிட்டு, மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேவைகளைக் கவனிக்கும் சம வாய்ப்பு மையத்துக்கு இனிமேல் நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர் என்றார். அப்படி ஒரு மையம் எங்கள் கல்லூரியில் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு கோப்பும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கைக்கு வந்தன.

போன டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்ச்சியில் நானும் இருந்தேன். மாணவர்களின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி வளாகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். சிலர் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டார்கள், சிலர் சிரித்தார்கள். மூன்று பெண்கள் கட்டை அவிழ்த்ததும் அழுதேவிட்டார்கள். ஒரு மாணவி மைக்கைப் பிடித்து, பார்வை எவ்வளவு பெரிய வரம் என்று இன்றுதான் புரிந்தது என்றாள். நல்ல கைதட்டல். எங்கள் இரண்டாமாண்டு தமிழ் மாணவர் ஒருவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்து படி இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "மேடம், அவங்க எதுக்கு அழுதாங்க?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எட்டு மாதமாக அந்தக் கேள்வி கூடவே வருகிறது.

இந்த வருடம் முதல்வர் ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பதாயிரம் ரூபாய்க்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. பதிவேட்டில் 14 மாணவர்கள்: கை கால் பாதிப்பு உள்ளவர்கள் 5, பார்வை 4, காது கேளாதவர்கள் 3, மூளை முடக்குவாதம் 1, கற்றல் குறைபாடு 1. பயிற்சியை யாரிடம் தொடங்குவது? யாரைப் பேசக் கூப்பிடுவது? எதைச் சொல்லிக்கொடுப்பது? நடத்திப் பார்த்தவர்கள், அல்லது இப்படிப்பட்ட பயிற்சியில் உட்கார்ந்து நொந்தவர்கள், விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆறு புள்ளி:

மேடம், நான் பார்வையற்றவன். வரலாறு நடத்துகிறேன், 17 வருட சர்வீஸ். உங்கள் மாணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பெண்கள் தங்களுக்குப் பார்வை போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்து அழுதார்கள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குத் தெரிவது பார்வை போன முதல் பத்து நிமிடம்தான். தடி பிடிக்கத் தெரியாது, ஒலியை வைத்துச் சுவர் எங்கே என்று சொல்லத் தெரியாது. உங்கள் மாணவருக்கு இதெல்லாம் இருபது வருடப் பழக்கம். அமெரிக்காவில் அரியெல் சில்வர்மன் என்ற உளவியலாளர், அவரும் பார்வையற்றவர், இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 2015-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கண்ணைக் கட்டி நடந்தவர்களுக்கு இரக்கம் கூடியது. ஆனால் பார்வையற்றவர்களால் தனியாக வாழவும் வேலை பார்க்கவும் முடியும் என்ற எண்ணம் அவர்களிடம் குறைந்திருந்தது. நாளைக்கு உங்கள் மாணவர் வேலைக்கு விண்ணப்பித்தால் நேர்காணலில் எதிரே உட்காரப்போவது இப்படி அழுதவர்களில் ஒருவராக இருக்கலாம். தயவுசெய்து கைக்குட்டையை விட்டுவிடுங்கள்.

யாரிடம் தொடங்குவது என்றால், அலுவலகத்தில் தொடங்குங்கள். நான் எம்.ஏ. படித்தபோது கட்டணம் கட்டும் ஜன்னலில் இருந்தவர் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் நேராகப் பேசவில்லை. கூட வந்த நண்பனிடம், "இவருக்கு என்ன வேணும்?" என்பார். நண்பன் என்னிடம் கேட்பான், நான் அவனிடம் சொல்வேன், அவன் அவரிடம் சொல்வான். கெட்ட மனிதர் இல்லை, பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தவர்தான். என்னோடு எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரப் பயிற்சி போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், நீங்கள் யார் என்று சொல்லுங்கள், எழுந்து போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், கையெழுத்துப் போடும் இடத்தில் ஓர் அட்டையின் விளிம்பை வைத்துக் காட்டுங்கள். கிளார்க், நூலகர், விடுதிக் காப்பாளர், வாட்ச்மேன், கேன்டீன்காரர், இவர்கள் எல்லாரையும் முதல் சனிக்கிழமை உட்கார வையுங்கள். பேராசிரியர்கள் பிறகு வரட்டும்.

இரண்டாவது, தேர்வுப் பிரிவு. இதை மட்டும் தனியாக நடத்துங்கள். என் இளங்கலை இறுதித் தேர்வில் எனக்காக எழுத வந்தது ஒன்பதாம் வகுப்புப் பையன். தேர்வு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கத்துப் பள்ளியில் இருந்து பிடித்து வந்தார்கள். "நிலப்பிரபுத்துவம்" என்று நான் சொன்னதை அவன் எப்படி எழுதினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டே முக்கால் மணி நேரம் ஆனதுமே கண்காணிப்பாளர் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். கூடுதல் நேரம் எனக்கு உரிமை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். ஆக, மூன்று மணி நேரத் தேர்வு நமக்கு நான்கு மணி நேரம். மாணவர் சொல்லச் சொல்ல எழுதுபவரைத் தேர்வு நடத்துபவர்களே கொடுத்தால், இரண்டு நாள் முன்பே மாணவர் அவரைச் சந்திக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. செமஸ்டருக்குக் கொடுத்துவிட்டு இன்டர்னல் தேர்வுக்கு மறந்துவிடுகிறார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணும் மதிப்பெண்தான் என்று அந்தக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு உரை வேண்டாம். அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட பாடக்குறிப்பு ஒன்றை எடுங்கள். மடிக்கணினியில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளை நிறுவி, ஒலிபெருக்கியில் அதைப் படிக்க விடுங்கள். என்விடிஏ இலவசம், தமிழும் படிக்கும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த குறிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரிகிற சொல்லை அது "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று படிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஒன்றுமே படிக்காது, அதற்கு அது வெறும் படம். நான் நடத்திய இடத்தில் ஒரு மூத்த தமிழாசிரியர் இதைக் கேட்டுவிட்டு, "பதினைந்து வருஷமா என் பசங்களுக்கு இதையா கொடுத்தேன்?" என்றார். அவர் அடுத்த வாரமே யூனிகோடுக்கு மாறினார். பழைய ஸ்கேன்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு பிரித்துக் கொடுக்கும். பிழை திருத்த வேண்டியிருக்கும். என்எஸ்எஸ் மாணவர்களிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம்.

அப்புறம் கரும்பலகை. "இதோடு இதைக் கூட்டினால் இது வரும்." உங்கள் வணிகவியல் வகுப்பில் நீங்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை "இது" சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் பதிவு செய்து கேளுங்கள். ஐந்தொகையில் "இந்தப் பக்கம்" என்பதற்குப் பதில் "சொத்துப் பக்கம்" என்றால் பார்வையற்ற மாணவருக்குப் புரியும், கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் புரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களை மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் சால்வை போடுகிறார்கள். என் வீட்டில் சால்வை நிறைய இருக்கிறது. பயிற்சி நடத்த வரும் மாற்றுத்திறனாளிக்கு, மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியமும் பயணச் செலவும் கொடுங்கள். துணைக்கு ஆள் வந்தால் அவருக்கும் பஸ் கட்டணம்.

முதல்வர் எப்போதாவது தயங்கினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 39-வது பிரிவை அச்சடித்து மேசையில் வையுங்கள். பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் இடம்பெற வேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை.

கரிசல்காட்டு அக்கா:

ஆறு புள்ளி சார் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கைக்கும் காட்டினேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சென்னையில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. நடத்தும் கல்லூரிகள் உண்டு. அம்மா அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டதால் உள்ளூரிலேயே கணினி அறிவியல் சேர்ந்தாள். மூன்று வருடமும் பக்கத்தில் உட்கார்ந்த தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் படித்தாள். அந்தத் தோழிக்குத் திருமணம் ஆகிப் போயிருந்தால் என் தங்கை டிகிரி முடித்திருக்க மாட்டாள். ஒரு கல்லூரி இப்படி ஒரு பெண்ணின் நல்ல மனதை நம்பி நடக்கக்கூடாது, மேடம். நோட்டு எடுத்துக்கொடுப்பதை ஒரு வேலையாக்கி, இரண்டு பேரை நியமித்து, சான்றிதழோ சிறு தொகையோ கொடுங்கள்.

உங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள் என்றீர்கள். மூவரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவருக்குக் கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கலாம், ஒருவர் உதட்டைப் படிக்கலாம், ஒருவருக்குச் சைகை மொழிதான் தாய்மொழியாக இருக்கலாம். முதலில் அவர்களையே கேளுங்கள். எழுதிக் கேளுங்கள், ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாக. என் தங்கைக்குத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி. இதைப் புரிந்துகொள்ளாமல், "இந்தப் பொண்ணுக்கு வாக்கியமே அமைக்கத் தெரியல" என்று வகுப்பில் சொன்ன ஆசிரியர் உண்டு. அவள் உதட்டைப் படித்துவிட்டாள்.

ஆசிரியர்கள் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசினால் பேச்சு போர்டுக்குத்தான் போகும். எழுதி முடித்துத் திரும்பிப் பேசச் சொல்லுங்கள். தேர்வுத் தேதி மாற்றம், வகுப்பு ரத்து என்று மைக்கில் சொல்வதையெல்லாம் எழுத்திலும் போடச் சொல்லுங்கள். என் தங்கை பூட்டிய வகுப்பறை வாசலில் எத்தனை நாள் நின்றிருக்கிறாள்!

சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதாக இருந்தால் இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் கையும் மூளையும் சோர்ந்துபோகும், மாறி மாறித்தான் செய்வார்கள். இது பட்ஜெட்டில் வரும் செலவு, இப்போதே ஒதுக்கிவிடுங்கள். மாணவர்கள் நாலு சைகை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால், இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதி இணையத்தில் வீடியோவாக இருக்கிறது, 2021-இல் அது 10,000 சொற்களைத் தொட்டது. ஆனால் சொல்லித்தர ஒரு காது கேளாதவரே வரட்டும். முகம் எப்படி அசைய வேண்டும் என்பதும் அந்த மொழியில் இலக்கணம்தான்.

நாலு சக்கரம்:

நான் முதுகலைக் கணிதம் இரண்டாமாண்டு. தசைச் சிதைவு நோய், பதினொரு வயதிலிருந்து சக்கர நாற்காலி. ஆறு புள்ளி சார் அலுவலகத்தில் தொடங்கச் சொல்கிறார். மரியாதையோடு மாறுபடுகிறேன் சார். முதல் சனிக்கிழமை அந்த 14 பேருக்கு மட்டும் வேண்டும். ஆசிரியர்கள் யாரும் இல்லாத அறையில், கதவைச் சாத்திவிட்டு.

ஏன் என்று சொல்கிறேன். இளங்கலையில் நான் காலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்த்தான் குடிப்பேன். கல்லூரியில் கைப்பிடி, அகலக் கதவு எல்லாம் வைத்த கழிப்பறை இருந்தது. அதைப் பூட்டித் துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்தார்கள். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்று தெரியாது. மூன்று வருடத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை. சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம் என்று அப்பா சொல்லிச் சொல்லி, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அரசு உதவி பெறும் கல்லூரியில் குறைந்தது 5 சதவீத இடம் எங்களுக்கு என்று சட்டம் ஒதுக்கியிருப்பது எனக்குத் தெரிந்தது பட்டம் வாங்கிய பிறகு.

விடுமுறையில் ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா, அவரும் சக்கர நாற்காலிதான், எங்களை மனு எழுத வைத்தார். என் முதல் மனு மூன்று பக்கம். அதில் கழிப்பறை, சாய்தளம், லிப்ட், நூலகம், சிறு வயதில் பட்ட அவமானம் எல்லாம் இருந்தது. அக்கா படித்துவிட்டு, "தம்பி, இதைப் படிக்கிறவர் உனக்காக வருத்தப்படுவார், அப்புறம் கீழே வச்சிடுவார். ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்" என்றார். அளவும் தேதியும் போடச் சொன்னார். யார், எந்த நாளுக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதே என்றார்.

பிறகு அதையே நடித்துப் பார்த்தோம். ஒருவர் கிளார்க், ஒருவர் துறைத்தலைவர், ஒருவர் மனு கொடுப்பவர். கிளார்க்காக நடித்த பையன், "இதுவரைக்கும் யாருமே கேட்கலையே, உனக்கு மட்டும் என்ன?" என்றான். எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. ஐந்தாவது தடவைதான் அழாமல் பதில் சொன்னேன். முதுகலைக்கு வேறு கல்லூரியில் சேர்ந்தபோது முதல் வாரமே மனு கொடுத்தேன். பதினெட்டு நாளில் சாவி என் கைக்கு வந்தது, துடைப்பங்களும் வெளியே போயின.

அதனால் மேடம், உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். சார் சொன்ன அதே 2016 சட்டத்தின் 23-வது பிரிவின்படி அரசு உதவி பெறும் நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அது யார் என்று பெயரோடு தெரியட்டும். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம், அதற்கும் மேலே மாநில ஆணையர் என்று வழி இருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. வழக்குப் போட்டவரே பார்வைக் குறைபாடு உள்ளவர். இந்தக் கதையைச் சொன்னால் முதலாமாண்டுப் பசங்களுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

சாய்தளம் பற்றியும் ஒன்று. கல்லூரிக்குத் தரமதிப்பீடு கொடுக்கும் நாக் குழு வருவதற்கு முன்பு அவசரமாகக் கட்டியது உங்களிடமும் இருக்கலாம். டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதுதான் கணக்கு. எங்கள் பழைய நூலகத்தில் மூன்று படி, 45 செ.மீ. உயரம். 5.4 மீட்டர் நீளம் வேண்டிய இடத்தில் இரண்டு மீட்டரில் கட்டி, மேலே வழவழப்பான டைல்ஸும் ஒட்டியிருந்தார்கள். இரண்டு நண்பர்கள் தள்ளினாலும் ஏறாது. ஒரு சனிக்கிழமை முழுக்க இயற்பியல் மாணவர்களோடு அளக்கிற வேலைக்கே ஒதுக்கலாம். கதவு அகலம், வாஷ்பேசின் உயரம், வாசல்படி எல்லாவற்றையும் அளந்து சுவரில் ஒரு வரைபடமாக ஒட்டுங்கள். கண்ணைக் கட்டி நடப்பதைவிட அந்த வேலையில் அவர்களுக்கு நிறையத் தெரியும்.

வேப்பமரத்தடி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவே இரண்டு தடவை படித்தேன். தம்பி சொன்ன தண்ணீர் விஷயத்தைப் படித்ததும் இன்று காலை முதல் வேலையாக எங்கள் கழிப்பறையைப் போய்ப் பார்த்தேன். பூட்டுதான். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள். மதியத்துக்குள் காலி செய்ய வைத்தேன், ஒரு சாவி மையத்தில் இருக்கிறது, இன்னொன்றை இயற்பியல் மூன்றாமாண்டு மாணவியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

ஆறு புள்ளி சார், முதல் வாரம் மாணவர்களுக்கு, இரண்டாவது வாரம் அலுவலகத்துக்கு என்று வைத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள். தேர்வுப் பிரிவுக்குத் தனிக் கூட்டம் உண்டு. ஒரு சந்தேகம். கற்றல் குறைபாடு என்று பதிவேட்டில் உள்ள மாணவன் தன் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது என்கிறான். இன்னொரு மாணவிக்கு எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் குறைபாடு 40 சதவீதம் என்ற சான்றிதழ் கிடைக்கவில்லை. இவர்களை என்ன செய்வது?

ஆறு புள்ளி:

கோபம் எதற்கு மேடம், தம்பி சொன்னதுதான் சரியான வரிசை. எனக்கும் பத்தொன்பது வயதில் அப்படி ஓர் அறை கிடைத்திருந்தால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனோடு தேர்வு எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மாணவன் பெயரை வெளியே சொல்லவே வேண்டாம். முதல் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு வேண்டியது என்ன என்று தனியாகக் கேட்டு, தேர்வுப் பிரிவில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியும்படி ஏற்பாடு செய்யுங்கள். கை நடுங்கும் மாணவிக்கு 2021 பிப்ரவரியில் வந்த விகாஷ் குமார் தீர்ப்பைப் பாருங்கள். வழக்குப் போட்ட விகாஷ் குமாருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். 40 சதவீதம் இல்லை என்று சொல்லி எழுதுபவரைத் தர மறுத்தார்கள். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு, எழுதுபவர் வசதியை அதோடு முடிச்சுப் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு மருத்துவரிடம் எழுதுவதில் சிரமம் உண்டு என்று சான்று வாங்கி, தீர்ப்பின் நகலோடு பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு இப்போதே அனுப்புங்கள். ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. என்விடிஏ வகுப்பை அந்த இரண்டாமாண்டு மாணவரே நடத்தட்டுமே?

வேப்பமரத்தடி:

கேட்டுவிட்டேன் சார். சரி என்றார். இரண்டு நிபந்தனை போட்டார். மடிக்கணினியின் ஒலி ஹால் ஸ்பீக்கரில் வர வேண்டும், மைக்கை அதன் பக்கத்தில் பிடிக்கக்கூடாது. அப்புறம், சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு மேல் அவர் ஊருக்குப் பஸ் இல்லை. அதனால் பத்து மணிக்குத் தொடங்குகிறோம். வெளியிலிருந்து வருபவருக்கு எவ்வளவு மதிப்பூதியமோ அதே தொகை அவர் பெயரில் எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று.

ஆறு புள்ளி:

முந்தின நாளே ஸ்பீக்கரை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். அவர் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் விட்டால் உங்கள் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட விடச் சொல்லுங்கள். கடைசியில் ஒரே ஒரு நிமிடம் அவருடைய சொந்த வேகத்தில் ஓட விட்டு, அது என்ன படித்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.